டீ ஆறுது, வா

என் பிரியத்துக்குரிய மெஹரு அக்கா,

மண்ணுக்குள் போன பிறகும் நீ காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் இருப்பாய் என்று எனக்கொரு சந்தேகம். அதனால்தான் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால், "நா நல்லாத்தான் கீறேன், நீ இன்னாத்துக்கு இப்டி மொறைக்கிற?" என்றுதான் சொல்வாய்.

நம் ஷெட் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உனக்கு இருப்புக்கொள்ளாது. பாலத்துக்குப் பக்கத்தில் அதே தகரக் கூரை, அதே ஈரத் தரை. காலையில் ஏரியிலிருந்து ஆண்கள் நண்டு கொண்டுவருகிறார்கள். நாம் எடை போட்டு, தரம் பிரித்து, காலையும் கொடுக்கையும் கயிற்றால் கட்டி, உயிரோடு சென்னைக்கு வண்டி ஏற்றுகிறோம். 'நாம்' என்று எழுதிவிட்டேன். பரவாயில்லை, அதை அடித்துத் திருத்தப் போவதில்லை.

நீ போன பிறகு வாசலில் நீ உட்கார்ந்து எடை போட்ட நீல ஸ்டூல் காலியாகவே கிடந்தது. மேனேஜர் சுதாகர்தான் நின்றுகொண்டே எடை போட்டார். அவருக்கு மனிதர்களிடம் பேசத் தெரியாது, போனில்தான் பேசத் தெரியும். நீயாக இருந்தால், வருகிறவன் கூடையை இறக்குவதற்குள் அவன் பெண்டாட்டிக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டிருப்பாய். ஒவ்வொருவனாக எதிர்ப்பக்கத்து ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தான். கட்டுகிற மேஜையில் எங்கள் ஐந்து பேருக்கும் மதியத்துக்கு மேல் வேலை இல்லை.

அந்தச் சமயம் பார்த்து கம்பெனி ஒரு பெண்ணை அனுப்பியது. பிரீத்தி என்று பெயர், சின்ன வயது, வெள்ளை ஷூ. ஈரத் தரையில் அந்த ஷூவோடு நின்றுகொண்டு, "உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு பலம் இருக்கு. அதை நீங்களே கண்டுபிடிக்கணும், வேலையில கொண்டுவரணும்" என்றாள். கூடவே எல்லோருக்கும் கிரீம் பிஸ்கட் கொடுத்தாள். அக்கா, நம் ஷெட்டில் கம்பெனி பிஸ்கட் கொடுத்து நல்ல செய்தி சொன்னதாக உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கில்லை. நான் பிரிக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அவள் கையில் கலர் கலராக அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பலம் எழுதியிருந்தது. பொறுமை, கணக்குத் திறன், கூர்மையான கவனம் என்று இப்படி. "யாருக்கு எது பொருந்தும்னு நீங்களே பேசி எடுத்துக்குங்க, நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று அட்டைகளை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஷெட்டில் யாருக்கு எதில் சந்தேகம் வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

"இது நல்லதுக்கு இல்லடி. யாரு எதுக்கு ஆவமாட்டாங்கன்னு நம்ம வாயாலயே சொல்ல வெக்கிறாங்கோ. அப்பால ஆவாதவள வூட்டுக்கு அனுப்பிடுவாங்கோ" என்றேன்.

மாரியம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அவளுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, கயிறு முடிச்சு போடவே சிரமப்படுகிறாள். கட்டுவதில் அவளுக்குப் பலம் இல்லை என்று யார் சொல்லித்தான் தெரிய வேண்டும்? கௌரி மட்டும், "அதுக்கு இன்னா பண்ண சொல்ற? எல்லாரும் ஒரே அட்டைய புடிச்சிக்கினு நிக்கறதா?" என்று எரிந்து விழுந்தாள்.

அப்போதுதான் எனக்கு வலைக்காரர்களின் பாடு முறை ஞாபகம் வந்தது. ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டினால் நிறைய விழும், மேற்கே போனால் பாசிதான் விழும். அது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்காகக் கெட்டிக்காரனுக்கே நல்ல இடம் என்று விட்டுவிடுகிறோமா? சீட்டுப் போட்டு முறை வைக்கிறோம். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. எவ்வளவு பெரிய வலைக்காரனாக இருந்தாலும் முறை முடிந்தால் இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். இடத்துக்கு உள்ள முறை பலத்துக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டேன். இந்த மாதம் பொறுமை உனக்கு, அடுத்த மாதம் எனக்கு. அப்படி வைத்துக்கொண்டால் யாரையும் தனியாகப் பிரித்து வெளியே அனுப்ப முடியாதே?

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. பேரை எழுதிச் சுருட்டி, ஐஸ் அள்ளும் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். எங்களில் யார் எடுத்தாலும் நான் நம்பமாட்டேன் என்பதால், டீ கொண்டுவந்த பாஷா பாயை எடுக்கச் சொன்னோம். எதற்கென்று தெரியாமலேயே பாவம் அவர் பிஸ்மில்லா சொல்லி எடுத்தார்.

கூட்டத் தெரியாத மாரியம்மாவுக்குக் கணக்குத் திறன் விழுந்தது. கௌரிக்குப் பொறுமை. அதைப் படித்ததும் நாங்கள் சிரித்தோம், "எவடி சிரிக்கிறவ?" என்று கத்தினாள். எனக்கு என்ன விழுந்தது தெரியுமா அக்கா? 'பிறர் நம்பிக்கையைப் பெறும் திறன்.' அது உன் அட்டை. நீ இருந்திருந்தால் சீட்டே போடாமல் உன் மடியில் வைத்திருப்போம்.

பிரீத்தி திரும்பி வந்து பார்த்துப் பூரித்துப்போனாள். "எவ்ளோ நேர்மையா எடுத்திருக்கீங்க" என்றாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. நாங்கள் தப்பிக்கச் செய்ததை அவர்கள் நிஜமாக எடுத்துக்கொண்டு, அட்டைப்படி வேலையை மாற்றிவிட்டார்கள். மாரியம்மாவைக் கட்டுகிற மேஜையிலிருந்து எழுப்பி, வண்டியில் ஏறும் கூடைகளை எண்ணச் சொன்னார்கள். என்னை உன் ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள்.

"அடுத்த மாசம் மாத்திக்குவோம் சார்" என்று கௌரி சொல்லிப் பார்த்தாள்.

"இன்னாமா, பலத்த மாசா மாசம் மாத்துவீங்களா?" என்றார் மேனேஜர். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தனம்மா, இந்த சீசன் முடியறவரைக்கும் பாப்பாங்க. போட்டுக்காரங்க திரும்பி வரலன்னா ஷெட்ட மூடச் சொல்லிட்டாங்க மேல" என்றார். எங்கள் கதி என்ன என்று கேட்டேன். என் கையிலிருந்த அட்டையைக் காட்டி, "அதான் கீதே, நம்பிக்கைய சம்பாதி" என்றார். என் வீட்டுக்காரர் முதுகு ஒடிந்து படுத்திருப்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டில் யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

உன் ஸ்டூலில் உட்கார்ந்தால் உன் பலம் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேனோ என்னவோ. முதல் நாளிலிருந்து உன்னைப் போலவே இருக்கப் பார்த்தேன். வருகிறவனைப் பார்த்துச் சிரித்தேன். ஏழுமலை கூடையை இறக்காமல் அப்படியே நின்றான். "இன்னா தனம், சிரிக்கிற? யாருக்கு இன்னா ஆச்சி?" என்று பயந்து கேட்டான். அவன் மகள் படிப்பைப் பற்றி விசாரித்தேன். "ஏன், எதுனா கேள்விப்பட்டியா?" என்று இன்னும் பயந்தான். நான் அன்பாகப் பேசினால் ஊரே கலவரப்படுகிறது அக்கா. நீ எப்படித்தான் செய்தாய்?

வாய் சிரித்தாலும் கை கேட்கவில்லை. ஒவ்வொரு நண்டையும் புரட்டி, அடி ஓட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். தோல் கழற்றிய புதிதில் உள்ளே சதை இல்லாமல் நீராக இருக்கும் தண்ணி நண்டை நல்ல நண்டோடு கலந்து போடுவார்கள் என்பது உனக்குத் தெரியாததா? கொடுக்கில் அவர்கள் அவசரத்துக்குச் சுற்றியிருந்த கயிறு தடியாக நனைந்திருந்தால், அந்த ஈரம் எடையில் சேராதபடி பிழிந்தேன். எந்தப் பக்கம் பிடித்தது, எத்தனை மணிக்குப் பிடித்தது, ஏன் இத்தனை சேறு என்று கேட்டேன். "போலீஸ் டேசன்ல கூட இவ்ளோ கேக்கமாட்டாங்க" என்று சொல்லி, ஏழுமலை கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர் ஷெட்டுக்குப் போய்விட்டான். அவன் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். மேனேஜர் தன் அறைக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற நால்வரும் பார்த்தார்கள்.

இந்த நிலையில் ஒரு நாள் காலை, வழியில் வீட்டுக்கு ஒரு கிலோ உப்பு பாக்கெட் வாங்கினேன். கடைக்காரர் கொடுத்தபோது அது கையில் இலேசாக இருப்பது போல ஒரு சந்தேகம். ஷெட்டுக்கு வந்ததும் எடை மிஷினில் வைத்தேன். குறைவாகக் காட்டியது. எனக்கு வந்த கோபத்துக்கு, அப்போதே திரும்பிப் போய்க் கடைக்காரரைக் கிழித்திருப்பேன். மாரியம்மாதான், "இரு, நானும் சக்கர வாங்கினு வந்துகீறேன், வேற கட" என்று தன் பாக்கெட்டைக் கொடுத்தாள். அதுவும் குறைவாகவே காட்டியது. இரண்டு கடைக்காரரும் கூட்டுச் சேர்ந்திருப்பார்களோ என்று ஒரு கணம் யோசித்தேன். சிரிக்காதே, நிஜமாகவே யோசித்தேன். அப்புறம்தான் மிஷின் மேல் பார்வை திரும்பியது.

வாசலில் நாலைந்து பேர் கூடையோடு நின்றிருந்தார்கள். "யாரும் கூடைய வெக்காதீங்க, மிஷின் கொறவா காட்டுது" என்றேன்.

மேனேஜர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். "மெல்ல பேசு தனம்மா. கொறவா காட்டினா நமக்கா நஷ்டம்?"

"நமக்கு இல்ல சார், இவங்களுக்கு. இன்னிக்கு இவங்களுக்கு கொறையிது, நாளைக்கு வண்டி ஏத்தசொல்ல நமக்கு கொறையாதுன்னு இன்னா கேரண்டி? நா இந்த மிஷின நம்பமாட்டேன்."

"இன்னிக்கு மட்டும் ஓட்டு. நாளைக்கு ஆள் வருவான்."

"நீங்களே இப்டி சொல்லசொல்ல உங்கள எப்டி சார் நம்பறது?" என்றேன். அது வாயிலிருந்து வந்துவிட்டது. நேர்மைக்காகச் சொன்னேன் என்று யாராவது உன்னிடம் வந்து சொன்னால் நம்பாதே. சந்தேகத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஷெட்டுக்கு நானே பூட்டுப் போட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். கௌரி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

பொன்னேரியிலிருந்து ஆள் வந்து மிஷினைத் திறந்தபோது அடியில் உப்பு கட்டிக்கட்டியாகப் படிந்திருந்தது. ஈரக் கூடையிலிருந்து வடிந்த ஏரித் தண்ணீர்தான். சுத்தம் பண்ணி மாட்டியதும் சரியாகக் காட்டியது. அன்றிலிருந்து காலையில் முதல் வேலையாக எல்லோர் முன்னாலும் அந்த உப்பு பாக்கெட்டை மிஷினில் வைக்கிறேன். இப்போதெல்லாம் நான் மறந்தாலும் வருகிறவர்களே எடுத்து வைக்கிறார்கள். மேனேஜர் கொஞ்ச நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

சில நாள் கழித்து ஏழுமலை திரும்பி வந்தான். கூடையை அவனே கவிழ்த்து, "நல்லா அமுக்கி பாத்துக்கோ" என்றான். ஏன் வந்தாய் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா?

"அங்க சிரிச்சிக்கினே எட போடறான். எந்தப் பக்கம் சிரிக்கிறான்னு தெரியல" என்றான். "நீ எங்களயும் நம்பல, மேனேஜரயும் நம்பல, மிஷினயும் நம்பல. உங்கிட்ட போட்டா நிம்மதியா தூங்கலாம்."

உன்னை அவர்கள் நம்பியதற்குக் காரணம், நீ எல்லோரையும் நம்பினாய். என்னை நம்புவதற்குக் காரணம், நான் ஒருவரையும் நம்பவில்லை. இப்படியும் ஒரு நம்பிக்கை உண்டு என்று எனக்கு இத்தனை வயசுக்கு மேல்தான் தெரிகிறது. சந்தேகத்தைப் பலம் என்று அந்த அட்டைகளில் ஒன்றிலும் எழுதவில்லையே அக்கா. என் அம்மாவிலிருந்து மாமியார் வரை அதை நோய் என்றுதானே சொன்னார்கள்? ஏழுமலை பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். சீசன் முடிவதற்குள் மேஜையில் மறுபடி பொழுது சாயும்வரை வேலை இருந்தது. ஷெட்டை மூடுகிற பேச்சை மேனேஜர் இப்போது எடுப்பதில்லை.

சந்தோஷமாக இருந்திருக்கலாம். ஆனால் திரும்பி வந்த அன்றைக்கே ஏழுமலை இன்னொன்றும் சொன்னான். "மெஹரு அக்கா இருக்கசொல்ல நீ இவ்ளோ நேரா பாக்கமாட்ட. டீ குடிக்கிற மாதிரி பாப்ப" என்றான். என்ன உளறுகிறாய் என்றேன். "தெரியாத மாதிரி கேக்கறியே. 'தனம், டீ ஆறுது, வா'ன்னு அது உன்ன கூப்டாலே, எவன் கூடையிலயோ அதுக்கு டவுட்டுன்னு அர்த்தம். நீ வந்து கிளாஸ கையில வாங்கறதுக்குள்ள நாங்க தண்ணி நண்ட எடுத்து ஓரமா போட்ருவோம்."

இத்தனை வருஷமாக, மேஜையில் கிடந்த என்னை நீ வாசலுக்குக் கூப்பிட்டது டீக்கு என்றுதான் நினைத்திருந்தேன். ஷெட்டில் என்னோடு யாரும் டீ குடிக்க விரும்பியதில்லை. குடித்தால் டீத்தூள் கலப்படம் என்று ஆரம்பித்துவிடுவேன். நீ ஒருத்திதான் கூப்பிட்டாய். நான் வந்து கிளாஸை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல எதிரில் இருக்கிற கூடையை முறைத்துக்கொண்டே குடிப்பேன். நீ அவனிடம் பேரன் பேத்தியைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாய். என் கண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டு, உன் வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டாயா?

என் பலத்தை என்னைவிட முன்னால் நீ கண்டுபிடித்துவிட்டாய். பிரீத்தி அட்டை கொண்டு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே. அதற்காகப் பெருமைப்பட வேண்டியவள் நான், அழுதேன். டீ எனக்கா, என் கண்ணுக்கா? இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? உன்னை அடக்கம் பண்ணிய அன்று பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, உள்ளே வர முடியாமல் திரும்பினேனே, அப்போதுகூட உன்மேல் இப்படி ஒரு சந்தேகம் எனக்கு வரவில்லை.

பாஷா பாயிடம் கேட்டேன். வேறு யாருக்குத் தெரியும்? அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "நோம்பு மாசத்துல கூட உனுக்கு ஒரு டீ சொல்லும்மா அது. குப்பத்துல சாவு விழுந்து ஒரு போட்டு கூட போகாத அன்னிக்கும் சொல்லிச்சி. காலி ஷெட்டுல எந்தக் கூடைய பாக்க கூப்டுச்சாம்?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாஷா பாய் இரக்க குணக்காரர். நான் அழுததைப் பார்த்துவிட்டு, ஆறுதலுக்காகக் கட்டிச் சொல்கிறாரோ? எனக்கு அப்படி ஒரு நாள் ஞாபகமே வரவில்லை. எத்தனையோ டீ குடித்திருக்கிறோம், எதை என்று நினைத்துப் பார்ப்பது?

சீசன் முடிந்ததும் கௌரி வந்து நின்றாள். "பாடுன்னா பாடுதான். நீ சொன்னது தான? முறை முடிஞ்சிடுச்சி, எந்திரி" என்றாள். ஸ்டூலை விட மனசில்லைதான். ஆனால் நானே வைத்த முறை. எழுந்துவிட்டேன். மறுபடி பாஷா பாய் சீட்டு எடுத்தார், உன் அட்டை கௌரிக்கு விழுந்தது. மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "போட்டு வந்தா சரி, யார்னா உக்காருங்க" என்று விட்டுவிட்டார். பிரீத்தியிடம் இன்னும் ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. அந்தப் பெண் யாரையும் வீட்டுக்கு அனுப்ப வரவில்லை என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் அவள் அடுத்து வரும்போது என்ன பிஸ்கட் கொண்டுவருகிறாள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கௌரி வாசலில் உட்கார்ந்து, வருகிறவனிடமெல்லாம் சத்தம் போட்டுப் பேசுகிறாள். அவர்களும் சத்தம் போடுகிறார்கள், எப்படியோ நடக்கிறது. உட்கார்ந்த அன்றைக்கே ஒரு கூடையைப் பார்த்துவிட்டு, "தனக்கா, டீ ஆறுது, வா" என்று கூப்பிட்டாள். ஏழுமலை சொன்னது எல்லோர் காதிலும் விழுந்திருந்ததே. நான் போய்க் கிளாஸை வாங்கினேன், கூடையை முறைத்தேன். கூடைக்காரன் அசடு வழிந்து இரண்டு நண்டை எடுத்து ஓரமாகப் போட்டான். அதிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள், நானும் போகிறேன். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தே போவதில் ஒரு வசதி இருக்கிறது அக்கா, ஏமாற ஒன்றுமில்லை.

நேற்று மதியம் போட்டெல்லாம் வந்து போய், வண்டியும் ஏறிவிட்டது. நான் மேஜையைக் கழுவிக்கொண்டிருந்தேன். "தனக்கா, டீ ஆறுது, வா" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு போய், பழக்கத்தில் கூடையைத் தேடினேன். ஸ்டூலுக்குப் பக்கத்தில் இரண்டு கிளாஸ் மட்டும் இருந்தது.

"கூடை எங்கடி?" என்றேன்.

"எந்தக் கூடை?" என்றாள். "டீ ஆறுதுன்னு தான கூப்டேன்."

கிளாஸை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முறைக்க எதிரில் ஒன்றும் இல்லை, காலி ஏரிதான் இருந்தது. அப்போது ஞாபகம் வந்தது அக்கா. குப்பத்தில் சாவு, ஒருவரும் ஏரிக்குப் போகவில்லை, நாம் கூடை கழுவ வந்திருந்தோம். நீ நோன்பு. உன் முன்னால் குடிக்கக் கூச்சப்பட்டு நான் சுவர் பக்கம் திரும்பி நின்று குடித்தேன். "இன்னாத்துக்கு அந்தாண்ட திரும்பிக்கினு குடிக்கிற? இப்டி திரும்பு. நீ குடிக்கிறத பாத்தாலே எனக்குத் தாகம் அடங்குது" என்றாய். அன்றைக்கு ஷெட்டில் ஒரு நண்டுகூட இல்லை. நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பாஷா பாய் பொய் சொல்லவில்லை. அவரிடம் நான் இன்னும் அதைச் சொல்லவில்லை, சொல்லிவிடுவேன்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். இனி மிஷினைச் சந்தேகப்படுவேன், மேனேஜரை, ஏழுமலையை, கௌரி வாங்கும் டீத்தூளைச் சந்தேகப்படுவேன். அது என் வேலை, அது இல்லாமல் இந்த ஷெட் நடக்காது. உன்னை மட்டும் சந்தேகப்படமாட்டேன். நான் அங்கே வருகிற அன்று கிளாஸோடு நில், எந்தக் கூடையும் வேண்டாம்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
தனம்